பலகையைத் துடைக்கும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

குழுக் கூட்டங்களுக்கான பெரிய தொடுதிரைகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை அங்குலம், ஒரே நேரத்தில் எத்தனை பேர் எழுதலாம் என்பதெல்லாம் விரிவாகவே இருந்தது. எங்கள் குழுவில் பேனா பெரும்பாலும் என் கையில்தான் இருக்கும். அந்த உரிமையில், விட்டுப்போன ஒன்றைச் சொல்கிறேன்: திரையில் எழுதியதை எப்படி வெளியே எடுத்து வைத்துக்கொள்வது என்பது.

போன வருஷம் மூன்று மணி நேரம் மல்லுக்கட்டி ஒரு வேலைத் திட்டத்தைத் திரையில் வரைந்து முடித்தோம். அறைக்குள் நாலு பேர், வீட்டிலிருந்து வீடியோவில் இரண்டு பேர். திரை முழுக்க அம்புக்குறிகள், மஞ்சள் ஒட்டுச்சீட்டுகள். அடுத்த குழு கதவைத் தட்டியதும் அவசரமாகக் 'கூட்டத்தை முடி' பொத்தானை அழுத்தினேன். திரை பளிச்சென்று வெறுமையாகிவிட்டது! ஒரு குழு எழுதியது அடுத்த குழுவின் கண்ணில் படக்கூடாது என்று அப்படி அமைத்திருக்கிறார்கள், நியாயம்தான். நான் என் கணக்கில் நுழையாமல் கெஸ்ட்டாகவே எழுதிக்கொண்டிருந்ததுதான் வினை, எதுவும் சேமிக்கப்படவில்லை. வீட்டிலிருந்த தோழி தற்செயலாக எடுத்த ஒரு ஸ்கிரீன்ஷாட் காப்பாற்றியது. அதிலும் வலது கீழ் மூலையை அவர் முகமே மறைத்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து இந்தத் திரைகளில் எழுத எந்தப் புதுச் செயலி வந்தாலும் முதலில் பத்து ஒட்டுச்சீட்டு எழுதி, அதைக் கோப்பாக வெளியே எடுத்துப் பார்ப்பேன். பலவற்றில் பிடிஎஃப் கிடைக்கும். பார்க்க அழகு, ஆனால் ஒரு சீட்டைக்கூட நகர்த்த முடியாது. எழுத்துகள் எக்செல்லில் வரிசையாக வந்து விழுந்தால்தான் மறுநாள் வேலைக்கு ஆகும்.

இது வெறும் என் மறதிக் கதை இல்லை. 55 அங்குலத் திரையோடு வந்த கூகுளின் ஜாம்போர்டு என்ற எழுதுபலகைச் செயலி 2024 டிசம்பர் 31-ஓடு மூடப்பட்டது. அக்டோபர் 1 முதலே அதில் பார்க்கத்தான் முடிந்தது, எழுத முடியவில்லை. முன்கூட்டியே அறிவித்தார்கள், கோப்புகளை வேறு செயலிகளுக்கு மாற்றவும் வழி செய்தார்கள். எல்லா நிறுவனமும் அப்படிச் செய்யும் என்று நம்பி வாங்க முடியுமா?

 

அடுத்த முறை திரைகளை ஒப்பிடும் அட்டவணை போட்டால், 'எழுதியதை எந்த வடிவத்தில் வெளியே எடுக்கலாம்' என்று ஒரு கட்டமும் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பேனா பிடிக்கும் ஒரு வாசகி