ஒரு ஓட்டுக்காக விழித்திருந்த இரவு

கொலம்பஸ், ஒஹாயோ
6 ஆகஸ்ட் 2017

அன்புள்ள மாப்ளே,

உன் மெயிலை நேற்று ராத்திரிதான் நிதானமாகப் படித்தேன். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல். கண் கொஞ்சம் தெளிந்ததும் பாதியில் நிறுத்திவிடுவார்கள், எனக்குத் தெரியும். இங்கே உன் தங்கச்சி நலம். பெரியவன் இந்த மாதம் கல்லூரிக்குப் போகிறான். சின்னவளுக்குப் பதினைந்து முடிந்துவிட்டது.

‘அவ்வளவு பணக்கார நாட்டில் ஆஸ்பத்திரிக்குப் போக இத்தனை சண்டையா? யாரோ ஒரு பெரியவர் கட்டை விரலைக் கீழே காட்டினாராமே, என்னடா அது?’ என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லித் தீராது, எழுதிவிடுகிறேன்.

சின்னவளுக்குச் சர்க்கரை என்று உனக்குத் தெரியும். எப்படித் தொடங்கியது என்று உன்னிடம் சொன்னதில்லை. 2008-ல் அவளுக்கு ஆறு வயசு. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள், ராத்திரி படுக்கையை நனைத்தாள், ஒரு மாதத்தில் எலும்பும் தோலுமாகிவிட்டாள். ஒரு நாள் காலையில் எழுப்பினால் கண் சொருகுகிறது. எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அன்றிலிருந்து இன்சுலின்தான். எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் வெண்ணெய் வைக்கும் தட்டில் இன்றுவரை வெண்ணெய் வைத்ததில்லை. இன்சுலின் பேனாக்கள்தான் அங்கே.

அப்போது கம்பெனி இன்சூரன்ஸ் இருந்ததால் தப்பித்தோம். அடுத்த வருஷம் வேலையை விட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்க நினைத்து, தனியாக இன்சூரன்ஸுக்கு விண்ணப்பித்தேன். குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. உள்ளதை உள்ளபடி எழுதினேன். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. உங்கள் மகளைச் சேர்த்துக்கொள்ள முடியாது, அவளுக்கு ‘ஏற்கெனவே உள்ள நோய்’. ஏழு வயசுக் குழந்தையின் பெயர் போட்டு, நாலே வரி. அந்தக் கடிதம் எங்கள் பாஸ்போர்ட் இருக்கும் ஃபைலில் இன்னும் கிடக்கிறது.

அது சட்டவிரோதம் இல்லை மாப்ளே. அன்றைக்கு அதுதான் நடைமுறை.

2010 மார்ச் 23-ல் அன்றைய அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட ‘அஃபோர்டபிள் கேர் ஆக்ட்’ என்ற சட்டம், ஜனங்கள் வாயில் ‘ஒபாமாகேர்’, இதைத்தான் முதலில் உடைத்தது. குழந்தைகளைத் தள்ளிவிடக் கூடாது என்பது அந்த வருஷமே வந்தது. பெரியவர்களுக்கும் அதே பாதுகாப்பு, நோயைக் காட்டிப் பிரீமியத்தை ஏற்றக் கூடாது என்பது, இரண்டும் 2014-ல் வந்தன. அந்த வருஷம்தான் நான் வேலையை விட்டேன். ஐந்து வருஷம் காத்திருந்தேன், இன்சுலினுக்காக.

நோயாளியையும் சேர்த்துக்கொள் என்று கம்பெனியிடம் சொன்னால், ஆரோக்கியமாக இருப்பவனும் சேர்ந்தாக வேண்டும். எடுக்கிறவன் மட்டும் சேர்ந்து கட்டுகிறவன் சேராத சீட்டு எத்தனை மாதம் ஓடும்? அதனால் எல்லாரும் இன்சூரன்ஸ் வாங்க வேண்டும், வாங்காவிட்டால் அபராதம் என்று வைத்தார்கள். வாங்க வசதியில்லாதவர்களுக்கு அரசு மானியம். அதற்கும் கீழே உள்ள ஏழைகளுக்கு, அரசே வைத்தியச் செலவை ஏற்கும் மெடிகெய்ட் திட்டம், அதை முன்பைவிட அதிகம் பேருக்கு விரித்தார்கள். இவற்றில் ஒன்றை உருவினால் மற்றது ஆடும். அந்த அபராதம்தான் மக்களுக்குப் பிடிக்கவே இல்லை. சுப்ரீம் கோர்ட்வரை போய், 2012-ல் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தப்பியது. மெடிகெய்ட் விரிவாக்கத்தை மட்டும் அந்தந்த மாநிலத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். எங்கள் கவர்னர் ஜான் கேசிக் குடியரசுக் கட்சிக்காரர், ஆனாலும் ஏற்றுக்கொண்டார். ஒஹாயோவில் மட்டும் ஏறத்தாழ ஏழு லட்சம் பேருக்கு அதனால் வைத்தியம் கிடைக்கிறது. டெக்சாஸ் இன்றுவரை ஏற்கவில்லை.

சட்டத்தில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் பிளம்பர், சொந்தத் தொழில். வறுமைக்கோட்டு வருமானத்தைப்போல் நாலு மடங்கைத் தாண்டினால் மானியம் கிடையாது. அவர் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறார். வருஷா வருஷம் பிரீமியம் ஏறுகிறது, அதைக் கட்டிய பிறகும் முதல் சில ஆயிரம் டாலர் அவர் கைக்காசுதான். அவர் கோபம் நியாயம். டிரம்ப்புக்கு ஓட்டுப் போட்டார், ‘ஒபாமாகேர் ஒழியட்டும்’ என்பார். ஆனால் போதைப் பழக்கத்தில் விழுந்த அவருடைய தம்பி மகன் மருத்துவமனையில் சேர்ந்து மீண்டு வந்தது மெடிகெய்ட் விரிவாக்கத்தில். அதுவும் இதே சட்டம்தான் என்று நான் சொன்னபோது வேலியில் கை வைத்தபடி ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். அவர் மட்டும் இல்லை. ஒபாமாகேரும் அஃபோர்டபிள் கேர் ஆக்டும் ஒன்றே என்பது இங்கே மூன்றில் ஒருவருக்குத் தெரியவில்லை என்று இந்த வருஷ ஆரம்பத்தில் ஒரு கருத்துக்கணிப்பு சொன்னது.

ஏழு வருஷமாகக் குடியரசுக் கட்சி இதை ரத்து செய்வோம் என்றே சொல்லி ஜெயித்தது. கீழ்சபையில் ஐம்பது தடவைக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள். ஒபாமா இருந்தவரை அவர் வீட்டோ காப்பாற்றியது. ஜனவரியில் டிரம்ப் வந்தார், இரண்டு சபையும் அவர்கள் கையில். இனி ஒரு மாதம்கூடத் தாங்காது என்றுதான் நினைத்தோம்.

மார்ச்சில் முதல் மசோதா வந்தது. இது நிறைவேறினால் 2026-க்குள் 2.4 கோடிப் பேர் கூடுதலாக இன்சூரன்ஸ் இல்லாமல் நிற்பார்கள் என்று நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகமே கணக்குப் போட்டுச் சொன்னது. அதற்கு முன்பிருந்தே ஊர் ஊராக ஜனங்கள் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களின் கூட்டங்களுக்குப் போய் எழுந்து நின்று பேசினார்கள். அதுவரை இது கட்சிச் சண்டை. பேசியவர்கள் எல்லாரும் தங்கள் உடம்பைப் பற்றிப் பேசினார்கள், என் கீமோ, என் பிள்ளையின் இதயம் என்று. ஏழு வருஷமாக யாரும் கொண்டாடாத சட்டம், பறிபோகப்போகிறது என்றதும்தான் ஜனங்களுக்குச் சொந்தமானது. ஜூனில் மேல்சபையான செனட்டின் குடியரசுக் கட்சித் தலைவர் மிட்ச் மெக்கானல் அலுவலக வாசலில் மாற்றுத்திறனாளிகள் படுத்துப் போராடினார்கள். சக்கர நாற்காலியிலிருந்து போலீஸ் அவர்களைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்து உன் தங்கச்சி டிவியை அணைத்துவிட்டாள். 43 பேர் கைது.

இதற்கிடையில் மே 4-ல் கீழ்சபை அந்த மசோதாவை 217-க்கு 213 என்று நிறைவேற்றிவிட்டது. நான் இந்த நாட்டுக் குடிமகனாகி இரண்டு வருஷம்தான் ஆகிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக எங்கள் செனட்டர் ராப் போர்ட்மன் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் பெயரும் ஜிப் கோடும் கேட்டுக் குறித்துக்கொண்டாள். மகளைப் பற்றி ஒரு நிமிஷம் பேசினேன், குரல் நடுங்கியது. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

சரி, செனட் ஓட்டுப் போட்ட ஜூலை 27 ராத்திரிக்கு வருகிறேன். செனட்டில் மொத்தம் நூறு பேர். பட்ஜெட் வழியில் கொண்டுவந்ததால், வழக்கமாக வேண்டியிருக்கும் அறுபது ஓட்டு தேவையில்லை, ஐம்பதும் துணை அதிபரும் போதும். அவர்களுக்கு 52 பேர். இரண்டு பேர் விலகினாலும் சமாளிக்கலாம், மூன்றாவது ஆள் போனால் முடிந்தது. கடைசி மசோதா ராத்திரி பத்து மணி வாக்கில் வெளியானது. எட்டே பக்கம். முக்கியமாக அபராதத்தை எடுத்துவிடுவது, அதாவது கட்டுகிறவனைச் சீட்டிலிருந்து விட்டுவிடுவது. இது அப்படியே சட்டமாகாது என்று கீழ்சபை உறுதி கொடுத்தால்தான் ஆதரிப்போம் என்று அன்று சாயங்காலம் சில செனட்டர்களே சொன்னார்கள். கோடிக்கணக்கான பேரின் வைத்தியத்தை இப்படியா கையாள்வது?

உன் தங்கச்சி தூங்கிவிட்டாள். நான் சமையலறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு செனட் நேரலை பார்த்தேன். ஹவாய் செனட்டர் மேசி ஹிரோனோ எழுந்தார். சில மாதங்களுக்கு முன்புதான் அவருக்குச் சிறுநீரகப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஜப்பானில் இருந்தபோது இரண்டு வயதுத் தங்கை நிமோனியாவில், ஆஸ்பத்திரியில் இல்லை, வீட்டிலேயே இறந்ததைச் சொன்னார். குரல் உடைந்துவிட்டது. எனக்கும்தான்.

ஒன்றரை மணி வாக்கில் ஓட்டு. குடியரசுக் கட்சியின் அரிசோனா செனட்டர் ஜான் மெக்கெய்ன் உள்ளே வந்தார். மூளையில் புற்றுநோய் என்று ஒன்பது நாள் முன்புதான் செய்தி வந்திருந்தது, இடது கண்ணுக்கு மேல் தையல். சபையின் முன்னால் நின்று கையை நீட்டி, ஒரு கணம் அப்படியே வைத்து, கட்டை விரலைக் கீழே இறக்கினார். அவையில் ‘ஆ’ என்று ஒரு மூச்சு. யாரோ கைதட்டத் தொடங்க, ஜனநாயகக் கட்சியின் செனட் தலைவர் சூமர் வேண்டாம் என்று கை காட்டினார். 49-க்கு 51. தோற்றது. போர்ட்மன் ஆதரித்துத்தான் ஓட்டுப் போட்டார், என் போனால் பலனில்லை.

டிவி முழுக்க மெக்கெய்ன்தான். ஆனால் விவாதத்தையே தொடங்க வேண்டாம் என்று மூன்று நாள் முன்பே தங்கள் கட்சியை எதிர்த்து நின்று, கடைசி ஓட்டிலும் எதிர்த்த இரண்டு பேர் மெய்னின் சூசன் காலின்ஸும் அலாஸ்காவின் லிசா முர்கோவ்ஸ்கியும். மெக்கெய்ன் அன்று தொடங்கலாம் என்றுதான் ஓட்டுப் போட்டார். என் மனசில் அந்த இரண்டு பெண்களுக்குத்தான் முதல் இடம். காலின்ஸ் ஊருக்குப் போய் விமானத்திலிருந்து இறங்கியபோது பாங்கர் விமான நிலையத்தில் இருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்களாம்.

முடிந்துவிட்டதா என்று கேட்காதே. இது தானாக நொறுங்கட்டும் என்கிறார் டிரம்ப். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு அரசிடமிருந்து போகும் பணத்தை நிறுத்திவிடுவேன் என்கிறார். செப்டம்பரில் வேறு மசோதா வரலாம் என்று பேச்சு இருக்கிறது. இருபத்தாறு வயசுவரை சின்னவள் எங்கள் பாலிசியில் இருக்கலாம், அதுவும் இந்தச் சட்டம் கொடுத்ததுதான். அதற்கு இன்னும் பதினொரு வருஷம்.

அன்று காலை அவள் எழுந்து வந்து, “என்னாச்சுப்பா?” என்றாள். “நின்றுவிட்டதும்மா” என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு விரலைக் குத்தி அளவு பார்த்தாள், இரண்டு இட்லிக்கு எவ்வளவு என்று மனசுக்குள் கணக்குப் போட்டு ஊசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்பது வருஷமாகப் பார்க்கும் காட்சிதான். அன்றைக்கு நான் அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பரில் வர டிக்கெட் பார்க்கிறேன். அம்மாவிடம் சொல்லிவை, புதுக் கண்ணால் என் நரைமுடியைப் பார்க்கட்டும்.

என்றும் உன்,
பழைய ரூம்மேட்