பத்தாம் பாட்டு: அண்ணனுக்கு ஒரு கடிதம்

அண்ணே,

அம்மாவின் தலைத்திவசம் நல்லபடியாக முடிந்தது. சித்தப்பா மகன்தான் உட்கார்ந்தான். படங்களைக் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறேன். அதே நாள் விடியலில் நான் பொங்கி மடத்தில், அதாவது புத்த பிக்குகளின் மடத்தில், சோறு கொடுத்ததைப் பெரியம்மா உங்களிடம் சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அவர் சொன்னது உண்மைதான்.

இதைத் தனியாக எழுதியிருக்கலாம். நீங்கள் தனியாகச் சொல்லியிருந்தால் நானும் தனியாகத்தான் பதில் சொல்லியிருப்பேன். ‘இரண்டு தோணியில் கால் வைத்தவர் கரை சேர்ந்ததில்லை’ என்று நீங்கள் எழுதிப் போட்டதை அண்ணி வீட்டாரிலிருந்து இங்கே கோயில் கமிட்டிக்காரர்கள் வரை படித்துவிட்டார்கள். பெயர் போடவில்லைதான். யாரைச் சொல்கிறீர்கள் என்று இரங்கூனில் எல்லோருக்கும் தெரியும். அதனால் பதிலும் எல்லோர் முன்னாலும் இருக்கட்டும். ஆனால் இதை யார் யார் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. சில இடங்களில் பாதியோடு நிறுத்துவேன். மீதி உங்களுக்குத் தெரியும்.

முதலில் மன்னிப்பைக் கேட்டுவிடுகிறேன். உங்களிடம் சொல்லாமல் செய்தது உங்களுக்கு வலித்திருக்கும். சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள். நான் அப்போதும் செய்திருப்பேன். வருத்தத்தோடு சண்டையும் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். அடுத்த வருஷமும் செய்வேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் வர முடியாமல் போனதற்கான காரணத்தை இங்கே எழுதப் போவதில்லை. அதில் உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் வேறு இடத்தில். கொள்ளி வைக்க மகன் இல்லை என்று அன்று எத்தனை பேர் கவலைப்பட்டார்கள் தெரியுமா? கூடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். கடைசி மாதங்களில் அம்மாவைக் குளிப்பாட்டியவள் நான். மகன் இல்லையே, மகன் இல்லையே என்று என் காதுபடவே பேசினார்கள். கொள்ளி சித்தப்பா மகன் கைக்குப் போனது. பதினாறாம் நாள் காரியத்திலும் எனக்குச் சமையல்கட்டில்தான் வேலை.

ஏழாம் நாள் பொங்கிகள் வீட்டுக்கு வந்தார்கள். நீ ஆணா பெண்ணா என்று யாரும் கேட்கவில்லை. சின்னக் கூஜாவை என் கையில் கொடுத்து, கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாக ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினேன். அம்யா, அம்யா, அம்யா என்று அம்மாவுக்குப் புண்ணியத்தைப் பங்கு வைத்தேன். உட்கார்ந்திருந்தவர்கள் சாது, சாது, சாது என்றார்கள். அப்புறம் அந்தத் தண்ணீரை வாசல் மாமரத்தடியில், பூமாதேவியைச் சாட்சி வைத்து, மண்ணில் விட்டேன். அந்த வாரம்தான் நீங்கள் சென்னைக் கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைத்த படம் வந்தது. உங்கள் தண்ணீர் அம்மாவுக்குப் போய்ச் சேரும், என்னுடையது சேராதா அண்ணே?

சேருமா என்று நான் படித்தும் பார்த்தேன். அம்மா மாதிரி எனக்குப் பாலி மனப்பாடம் வராது. ஆனால் புரியாததை விடமாட்டேன். ஜானுஸ்ஸோணி என்கிற பிராமணர் புத்தரிடம் இதையேதான் கேட்டிருக்கிறார்: நாங்கள் செய்யும் சிராத்தம் செத்தவர்களுக்குப் போகிறதா? செத்தவர் பிரேதப் பிறப்பில் இருந்தால் போகும். நரகத்திலோ, விலங்காகவோ, மனிதராகவோ, தேவராகவோ பிறந்திருந்தால் போகாது. ஆனால் கொடுத்தவருக்குப் பலன் இல்லாமல் போகாது. பதில் இதுதான். அப்படியானால் என் தண்ணீர் சேர வேண்டுமென்று, அம்மா பசித்த பிரேதமாக அலைய வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவா? இரண்டு நாள் அதை நினைத்துச் சிரித்தேன், அழுதேன். நீங்கள் படிக்கிற சைவ சித்தாந்தத்தில் கணக்கே வேறு. பதி என்கிற இறைவன், பசு என்கிற உயிர், பாசம் என்கிற கட்டு மூன்றும் என்றும் உள்ளவை. உயிருக்கு அழிவில்லை. மடத்திலோ, ‘நான்’ என்று பிடித்துக்கொள்ள நிலையாக ஒன்றுமே இல்லை என்பதுதான் முதல் பாடம். இரண்டில் ஒன்றுதான் சரியாக இருக்க முடியும்.

அதனால், எல்லா மதமும் ஒன்றுதான் என்று நான் பேசுவதாக நினைக்காதீர்கள். அந்தப் பேச்சு அம்மாவுக்கே ஆகாது. யாராவது சொன்னால், “அப்போ ரெண்டுக்கும் எதுக்கு இவ்வளவு கஷ்டப்படுறேன், ஒண்ணோட நிறுத்திக்கலாமே” என்பார். கஷ்டப்பட்டுத்தான் செய்தார். பௌர்ணமிக்கு மடத்தில் எட்டு சீலம் என்கிற நோன்பு. உச்சிக்கு மேல் சோறு கிடையாது. அன்று மாலையே அம்மன் கோயிலில் பூஜை. கையில் விழும் சுண்டலைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்து மறுநாள் காலையில்தான் வாயில் போடுவார். பிரசாதத்தை மறுக்கவும் இல்லை, சீலத்தை உடைக்கவும் இல்லை. பட்டானம் என்கிற பாலி நூலின் இருபத்து நான்கு பச்சயங்களையும், அதாவது காரண வகைகளையும், ஹேது பச்சயோ என்று தொடங்கி, மூச்சு விடாமல் சொல்வார். உங்களுக்கு ஏழரை நடந்தபோது சனிக்கிழமைதோறும் கோயில் நவக்கிரகத்துக்கு நல்லெண்ணெய் விளக்கு; அதை முடித்து, நெற்றி விபூதியோடு ஷ்வேடகோன் பகோடா படி ஏறி, தென்மேற்கு மூலையில் சனிக்கிழமையில் பிறந்தவர்களுக்கு உரிய நாகத்துக்குப் பக்கத்தில் உங்கள் பெயர் சொல்லித் தண்ணீர் ஊற்றுவார். கால் வலிக்கிறது என்று நான் வெளியே உட்கார்ந்துவிட்ட நாட்களும் உண்டு. எனக்கு ஒரு நாளும் அப்படி யாரும் ஊற்றியதாக நினைவில்லை. சரி, அதை விடுங்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. எதிர்வீட்டுக்காரர்கள் தங்கள் பையனுக்கு ஷின்பியு, அதாவது சில நாள் மடத்தில் துறவியாக்கும் சடங்கு, வைத்தபோது உங்களையும் சேர்த்துக்கொண்டார்களே, அந்த வருஷம். ஜரிகை உடுப்பு, குடை, ஊர்வலம் எல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும். அன்றே எனக்குக் காது குத்தும் சடங்கு. எனக்குத்தான் தாய்மாமன் மடியில் எப்போதோ குத்தியாகிவிட்டதே! இருந்தாலும் தங்க ஊசியால் சும்மா தொட்டு வைத்தார்கள். நீங்கள் இளவரசன், நான் ஏற்கெனவே ஓட்டை போட்ட காது. மொட்டை போடும்போது அம்மா வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்து உங்கள் முடியை வாங்கினார். சீவரம் என்கிற துறவி உடை கட்டி வந்த உங்கள் முன்னால் மண்டியிட்டுத் தலை தரையில் பட வணங்கினார். நீங்கள் ‘அம்மா வேணாம்’ என்று அழுதீர்கள். இதுவரை உங்களுக்கும் தெரியும்.

தெரியாதது, நீங்கள் மடத்தில் இருந்த அந்த வாரம் வீட்டில் நடந்தது. விளக்கு வைத்ததும் அம்மா வழக்கம்போலச் சம்பந்தரின் ‘தோடுடைய செவியன்’ பதிகம் பாடினார். எனக்குக் கோயில் வகுப்பில் தமிழ் எழுத்தே அந்தப் பதிகத்தை வைத்துத்தான் பழக்கினார்கள். எனவே எந்தப் பாட்டுக்கு அப்புறம் எது என்று தெரியும். எட்டாம் பாட்டில் இராவணன். ஒன்பதில் மாலும் பிரமனும். பத்தில் புத்தரையும் சமணரையும் சம்பந்தர் ஒரு பிடி பிடிப்பார். அவர் பதிகங்களில் வழக்கமே அதுதான். அம்மா ஒன்பதை முடித்தார், நேராகப் பதினொன்றுக்குப் போய்விட்டார். மறந்துவிட்டார் என்று நினைத்து நான் எடுத்துக் கொடுத்தேன். “உஸ்” என்றார். அப்புறம், “அண்ணன் இப்போ அங்கேல்ல இருக்கான்” என்றார்.

நீங்கள் திரும்பி வந்து மறுபடி கால்சட்டை போட்ட அன்று மாலை, பத்தாம் பாட்டும் திரும்பி வந்தது. கணீரென்று பாடினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அம்மாவின் மதம் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். சம்பந்தர் பாட்டைத் திருத்தவில்லை, அது தப்பு என்றும் சொல்லவில்லை. பிள்ளை சீவரத்தில் இருக்கும் வரை அந்த வசவு தன் வாயால் வர வேண்டாம் என்று தள்ளி வைத்தார். இதைப் போய்க் குழப்பம் என்கிறீர்கள். எங்கே முட்டுகிறது என்று தெரியாதவர்தானே குழம்புவார்? அம்மாவுக்கு எந்த வரியில் முட்டுகிறது என்று தெரியும்.

சாக்கிய நாயனாரை நீங்கள் எடுத்துக்காட்டுவீர்கள். உங்களுக்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். புத்த வேடத்தைக் கழற்றாமலே தினமும் லிங்கத்தின் மேல் ஒரு கல்லை எறிந்துவிட்டுத்தான் சாப்பிட்டார், அறுபத்து மூவரில் ஒருவர் ஆனார். ஆனால் அவர் கதை அம்மாவுக்குப் பொருந்தாது. அவருக்கு வெளியே சீவரம், உள்ளே சிவன். அம்மாவுக்கு இரண்டும் உள்ளேதான்.

இப்போது உங்களைக் கேட்கிறேன். போன வருஷம் சென்னையில் பத்து நாள் விபாசனா தியான முகாமில் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வந்தீர்களே, அது என்ன? மனசுக்குப் பயிற்சி என்றீர்கள். அண்ணியும் பாராட்டினார். அந்தப் பயிற்சி உங்களுக்கு எங்கிருந்து வந்தது? மாண்டலேயில் இந்துக் குடும்பத்தில் பிறந்த கோயங்கா, 1955ல் இதே இரங்கூனில் ஊ பா கின் என்கிற தியான ஆசிரியரிடம் கற்றது. 1969ல்தான் அதை இந்தியாவுக்குக் கொண்டுபோனார். நம் ஊர்ச் சரக்கு அங்கே போய்த் திரும்பினால் பயிற்சி. அம்மா இங்கேயே வாழை இலையில் வாங்கிக்கொண்டால் இரண்டு தோணி. சமய தீட்சை வாங்கிய பின் நீங்கள் அங்கே போய் உட்கார்ந்ததை நான் தப்பென்று சொல்லவில்லை. தலைவலி தீர்ந்தது என்றீர்கள், சந்தோஷப்பட்டேன். அதே சந்தோஷத்தை நீங்கள் அம்மாவுக்குக் கொடுக்கவில்லை.

இன்னொன்று எழுதியிருந்தீர்கள், பயத்தால் வணங்கியவர்கள் என்று. இதைக் கவனமாகத்தான் தொட வேண்டும். 2014 கணக்கெடுப்பில் இங்கே பௌத்தர்கள் 87.9 சதவீதம், இந்துக்கள் அரை சதவீதம். நம் அடையாள அட்டையில் இனம், மதம் என்று ஒரு வரி இருக்கிறது. 1964ல் கடைகள் அரசுடைமை ஆனபோது தாத்தா ஏன் கப்பல் ஏறவில்லை, யார் அவரை இருக்கச் சொன்னார்கள் என்பது நம் வீட்டுக் கதை. 2015ல் வந்த சட்டப்படி மதம் மாற நினைப்பவர் ஊர்க் குழு முன்னால் போய் நிற்க வேண்டும், விசாரிப்பார்கள், படிக்க அவகாசம் கொடுப்பார்கள், அதற்கப்புறம் சான்றிதழ். இரண்டையும் வைத்துக்கொள்கிறவருக்குச் சான்றிதழும் இல்லை, கேள்வியும் இல்லை. இதற்கு மேல் எழுத மாட்டேன். பயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் பயந்தவர் விபூதியை அழித்துவிட்டுத்தானே படி ஏறுவார்? பயந்தவருக்கு எதற்கு இருபத்து நான்கு பச்சயம்? நாலு வரி தெரிந்தால் போதுமே.

தமிழனுக்கும் புத்தத்துக்கும் என்ன ஒட்டு என்று அண்ணியின் தம்பி கேட்டிருந்தார். அவர் நாகப்பட்டினத்துக்காரர், அவரா கேட்பது? ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்த சூடாமணி புத்த விகாரம் அவர் ஊரில்தான் இருந்தது. அயோத்திதாசர் 1898ல் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு இரங்கூனிலேயே கிளை இருந்தது. போகட்டும், அவர் சின்னப் பையன்.

நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் திஞ்ஜான் புத்தாண்டு விடுமுறையில் என் மகனுக்கு ஷின்பியு. முடிவு செய்தாகிவிட்டது. அவனும் ஒத்துக்கொண்டான், மொட்டையைப் பற்றி மட்டும் கொஞ்சம் முனகல். திரும்பி வந்ததும், வைகாசியில், கோயிலில் தேவார வகுப்பில் சேர்ப்பேன். அவன் பெரியவனாகி ஒன்றை விட்டுவிட்டால் விடட்டும். உங்களைப் போல எது வேண்டாம் என்று சொல்வதற்காவது இரண்டும் தெரிந்திருக்க வேண்டாமா? நீங்கள் உங்கள் சைவத்தை அவ்வளவு உறுதியாகப் பிடித்ததற்கு அந்த மடத்து வாரமும் ஒரு காரணம் என்று நான் நினைப்பதுண்டு. கோபப்படாதீர்கள்.

நம் வழக்கப்படி மொட்டை தாய்மாமன் மடியில். அங்கே மடி கிடையாது, வெள்ளைத் துணிதான். ஒரு முனையை நான் பிடிப்பேன். இன்னொரு முனையை யார் பிடிப்பார் என்று மடத்தில் கேட்டார்கள். அவன் மாமா வெளியூரில் இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். நீங்கள் வருவது உங்கள் கையில் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும், வா என்று கூப்பிடவும் எனக்குத் துணிவில்லை. சீர், செயின் எதுவும் அனுப்ப வேண்டாம். சீவரம் வாங்கியாகிவிட்டது. இது சரியில்லை என்று அவனிடம் போனில் பேசவும் வேண்டாம். அவன் உங்களை ரொம்ப மதிக்கிறான், சொன்னால் நின்றுவிடுவான். பங்குனி முடிவதற்குள் பதில் போடுங்கள். போடாவிட்டால் சித்தப்பா மகனைத்தான் மறுபடி கூப்பிட வேண்டும், அவனுக்கும் நம் வீட்டுக் காரியமே வேலையாகிவிட்டது.

உங்கள் தங்கை