கடலூரில் என்ன இருக்கிறது என்று கேட்ட மாமாவுக்கு

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போன் என்றால் நீங்கள் பேசுவீர்கள், நான் "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்பேன், அதோடு முடிந்துவிடும். இங்கே எழுதினால் யாராவது ஒரு சித்தி நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவாள். நீங்களும் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தே தீர வேண்டும்.

மே மாதம் நாங்கள் வீடு குடிபோனபோது, சீர்த்தட்டை இறக்கி வைத்த கையோடு ஒரு வார்த்தை சொன்னீர்கள். "இந்த ஊர்ல என்ன இருக்குன்னு அக்கா இங்கயே கிடக்கணும்? புயல் வந்தா டிவியில காட்டுவான், வேற என்னத்துக்கு இந்தப் பேரைக் கேள்விப்படுறோம்? வாய்க்கு ருசியா ஒரு கடை உண்டா? மச்சானும் போயிட்டாரு. பேசாம மதுரைக்கு வந்துரட்டும்." பக்கத்துப் பந்தியில் என் மாமியார் வீட்டுச் சனம் முழுக்க ஜாங்கிரியும் கையுமாக உட்கார்ந்திருந்தது. தாய்மாமனை எதிர்த்துப் பேசக்கூடாது என்று நான் வாயைத் திறக்கவில்லை. ஐந்து மாதமாக உள்ளேயே வைத்திருந்ததை இப்போதுதான் கொட்டுகிறேன்.

முதலில் ஒன்று. நீங்கள் வந்த மாதமே தப்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இந்தக் கடற்கரையில் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று போட்டிருக்கும் தடை. கரையோரம் போய்வரும் சின்னப் படகுகளில் வருகிற கொஞ்சநஞ்சத்துக்கும் வாய்க்கு வந்த விலை. மீதியெல்லாம் கேரளாப் பக்கத்திலிருந்து பெட்டியில் ஐஸ் போட்டு வருவது. அன்றைக்கு நீங்கள் தட்டில் ஒதுக்கி வைத்த வஞ்சிரமும் அப்படிப் பிரயாணம் செய்து வந்ததுதான். "ஐஸ் மீனு" என்று முகம் சுளித்தீர்களே, அந்த நாக்குக்கு நான் மரியாதை செய்கிறேன். ஆனால் அது ஊரின் குற்றம் இல்லை, காலண்டரின் குற்றம்.

கடை விஷயத்தில் தோற்றுப்போகிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு கறிதோசை போடும் கடையெல்லாம் இங்கே கிடையாது. இது ஒரே ஊரும் இல்லை மாமா. திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், முதுநகர் என்று நாலைந்து ஊரைக் கெடிலம் ஆற்றுக்கு இந்தக்கரையும் அந்தக்கரையுமாக வைத்துக் கடலூர் என்று பெயர் போட்டிருக்கிறார்கள். வடக்கே போகிறவர் பாண்டிக்குப் போய்விடுவார், தெற்கே போகிறவர் சிதம்பரத்துக்கு. நடுவில் இறங்கி யாரும் சாப்பிட நிற்பதில்லை. அதனால் இந்த ஊரின் சாப்பாடு வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டது, அதுவும் மாதத்துக்கு ஒன்றாக.

சனி, ஞாயிறு விடிகாலையில் அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு முதுநகர் துறைமுகத்துக்குப் போவேன். ஏலம் விடுகிற சத்தத்தில் நமக்கு ஒன்றும் புரியாது. அம்மாவுக்குப் புரியும். செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், வயிற்றை ஒரு விரலால் அழுத்துவாள், "நேத்து மீனும்மா இது" என்று கீழே வைத்துவிட்டு நடப்பாள். விற்கிற அம்மாள் கூப்பிடுவதற்கு எத்தனை அடி நடக்க வேண்டும் என்பதுகூட அவளுக்கு அத்துப்படி. 1987-இல் கல்யாணமாகி வந்தபோது, உங்கள் அக்காவுக்குத் தெரிந்த மீனெல்லாம் அயிரை, கெளுத்தி, விரால். கண்மாய் மீன். கடல் மீனின் வாடைக்கே முதல் வாரம் முழுக்க ஊறுகாயை வைத்துச் சாப்பிட்டாளாம். என் அப்பத்தாதான் சுறாப்புட்டில் தொடங்கி அவளை வழிக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

அந்தச் சுறாப்புட்டை நீங்கள் சாப்பிட்டதே இல்லை. மஞ்சள் போட்ட தண்ணீரில் துண்டுகளை வேகவைத்து எடுத்தால், மேல்தோலில் மணல் மாதிரி நரநரவென்று ஒன்று இருக்கும். அதைச் சுரண்டிவிட வேண்டும். பிறகு உதிர்த்து, கையில் அள்ளி, ஒரு சொட்டு நீர் இல்லாமல் பிழிய வேண்டும். நான் செய்தால் உப்புமா, அம்மா செய்தால் புட்டு. வித்தியாசம் அந்தப் பிழிதலில்தான். பூண்டு கணக்குப் பார்க்காமல் போட வேண்டும். நான் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தபோது பால் ஊறட்டும் என்று வாரத்துக்கு மூன்று நாள் பால்சுறாவில் இதைச் செய்து போட்டாள். செய்து போட்டது ஒரு மதுரைக்காரி, மாமா.

புயல் என்றீர்களே, அதற்கும் வருகிறேன். 2011 டிசம்பர் 30, தானே புயல். பண்ருட்டிப் பக்கம் எங்கள் அத்தை தோட்டத்தில் முந்திரி, பலா எல்லாம் வேரோடு போயிற்று. தாத்தா காலத்து மரங்கள். அத்தை மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை. நாலாம் நாள் போய், அடுத்த மழைக்குக் கன்று வைத்தார். மே மாதம் நீங்கள் "அடடா, தேன்டா இது" என்று சுளை சுளையாகப் பிய்த்துத் தின்று, மிச்சம் ஒரு முழுப்பழத்தைக் கோணியில் கட்டிக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினீர்களே, அது அந்தக் கன்றுகளில் ஒன்று காய்த்த பழம். அந்தக் கோணிக்கு கண்டக்டர் லக்கேஜ் போட்டதைத்தான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை காணோம்.

என் பாட்டைச் சொல்கிறேன். காலை பஸ்ஸில் பாண்டிக்கு வேலைக்குப் போகிறேன். 25 கிலோமீட்டர்கூட இல்லை. ஆல்பேட்டை, பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி தாண்டி முள்ளோடை வந்தால் மாநிலம் மாறிவிடும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் அதைக் கண்டுபிடிக்க போர்டே வேண்டாம். பெட்ரோல் பங்க்கில் நம்ம ஊர் பைக்குகளாக நிற்கும், அங்கே லிட்டருக்கு விலை குறைவு. இன்னொரு வரிசையும் உண்டு. அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விசேஷத்துக்கு மறுநாள் நீங்களும் என் வீட்டுக்காரரும் "ஆயி மண்டபம் பார்த்துட்டு வரோம்" என்று போனது எதற்கென்று மதுரை அத்தைக்குத் தெரியாமல் இருந்தது. இதைப் படித்தால் தெரிந்துவிடும். மன்னிக்க வேண்டும்.

பாண்டியில் பீச் ரோடு, வெள்ளைக்காரத் தெருவின் மஞ்சள் சுவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள் படம் எடுக்கட்டும். வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு டெம்போ பிடிக்கிற எனக்கு அவை கண்ணில்கூடப் படுவதில்லை. எனக்கு அங்கே பிடித்தது ஒன்றுதான். முழ நீளத்துக்குப் போடுகிறார்களே பிரெஞ்சு ரொட்டி, மேலே மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சாக, அதுதான். மாதத்தில் இரண்டு தடவை வாங்கி வருவேன். பைக்குள் அடங்காமல் தலை நீட்டிக்கொண்டிருக்கும். "ஆத்தங்கரையில கட்டை பொறுக்கினியாம்மா?" என்று கண்டக்டர் கேட்பார். வெண்ணெய் தடவித் தின்ன வேண்டும் என்பார்கள். அது நமக்கு ஆகாது. மறுநாள் காலையில் அது விறகு மாதிரி இறுகியிருக்கும். அப்போது பிய்த்து, முந்தின ராத்திரி வைத்த சங்கரா மீன் குழம்பில் அமுக்கி, ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணிவிட்டு எடுக்க வேண்டும். இட்லிக்கு இந்தப் பொறுமை கிடையாது, கரைந்துவிடும். பரோட்டாவைச் சால்னாவில் ஊறப்போடுகிற ஊர்க்காரருக்கு இதை நான் விளக்க வேண்டுமா?

போன மாதம் லீவு சேர்ந்து வந்ததால், இரண்டு நாள் சிதம்பரம் போய்வந்தோம். நான், இவர், பையன், அம்மா. லாட்ஜ் பெரிதாகச் சொல்லும்படி இல்லை. வெந்நீர் என்று எழுதியிருந்த குழாயிலும் பச்சைத்தண்ணீர்தான் வந்தது. ஆனால் காலையில் இட்லிக்கு கத்தரிக்காய் கொத்சு வைத்தார்கள் பாருங்கள். புளிப்பும் வறுத்து அரைத்த மல்லி வாசமுமாகக் கத்தரிக்காய் குழைந்து கிடந்தது. கோயிலில் சம்பா சாதத்தோடு நைவேத்தியத்துக்கு வைக்கிற பண்டமாயிற்றே, சும்மாவா. அம்மா நாலாவது இட்லி கேட்டாள். "இதுக்கு மட்டும் மதுரை தோத்துத்தான் ஆகணும்" என்று அவளே சொன்னாள். நான் சொல்ல வைக்கவில்லை, சத்தியமாக.

அங்கிருந்து பிச்சாவரம். சுரபுன்னைக் காடு. மோட்டார் படகும் இருந்தது. துடுப்புப் படகு போதும் என்று அம்மாதான் பிடிவாதம் பிடித்தாள். அதுதான் சரி என்று உள்ளே போனதும் தெரிந்தது. வாய்க்கால் போகப்போக ஒடுங்கி, இரண்டு பக்கத்து மரமும் மேலே கூடிவிடுகிறது. தலையைக் குனிந்தால்தான் போக முடியும். மரத்திலிருந்து வேர்கள் கால் கால்களாக இறங்கித் தண்ணீரில் ஊன்றி நிற்கின்றன. அந்த வேர்களில் விரல் நகம் அளவு நண்டுகள் ஏறிக்கொண்டிருந்தன. படகு கிட்டே போனால் அப்படியே வேருக்குப் பின்பக்கம் ஒளிந்துகொள்கின்றன, நம் வீட்டுப் பல்லி மாதிரி. படகுக்காரர் ஒரு மரத்தைக் காட்டி, "இதான் தில்லை, பாலு கண்ணுல பட்டா பார்வை போயிடும்" என்றார். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே இந்த மரத்தால்தான் என்று நான் பையனிடம் சொல்ல ஆரம்பித்தேன். அவன் செருப்பைத் தண்ணீரில் விட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தான்.

திரும்பும் வழியில் கிள்ளையில் அம்மா சேற்று நண்டு வாங்கினாள். உயிரோடு ஆறு. கொடுக்கைக் கயிற்றால் கட்டி, ஈரச்சாக்கில் சுற்றி, வயர்கூடையில் வைத்து பஸ் சீட்டுக்கு அடியில் தள்ளியாயிற்று. "வேண்டாம்மா, பஸ்ஸுல வம்பு" என்றேன். கேட்டால்தானே.

முட்லூர் தாண்டியிருக்கும். பின்சீட்டுப் பெண் "ஐயோ" என்று காலை மேலே தூக்கினாள். ஒரு நண்டு கட்டை அவிழ்த்துக்கொண்டு, ஒற்றைக் கொடுக்கைத் தூக்கிப் பிடித்தபடி, நடைபாதையில் பக்கவாட்டில் டிரைவரைப் பார்க்கப் புறப்பட்டுவிட்டது. ஆளாளுக்குக் காலைத் தூக்க, கண்டக்டர் டிக்கெட் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியில் இறங்கி நின்றார். என் வீட்டுக்காரர் யாரோ மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கடைசியில் காலிக் கூடையோடு ஏறியிருந்த ஒரு மீன்கார ஆயா, சும்மாட்டுத் துணியை அதன் மேல் போட்டு, பின்னங்கால் பக்கமாக அழுத்திப் பிடித்துத் தூக்கினார். அதே துணியில் ஓரம் கிழித்து இரண்டே சுற்றில் கட்டியும் கொடுத்தார்.

"முடிச்சு சரியாப் போடலியே. எந்த ஊரும்மா நீங்க?" என்று கேட்டார்.

"கடலூரு" என்றாள் அம்மா.

யோசிக்கக்கூட இல்லை மாமா. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, யார் கேட்டாலும் "பொறந்தது மதுரை, கட்டிக் கொடுத்தது கடலூரு" என்பதுதான் அவள் பதில். அப்பா இருந்தவரைக்கும் அதே பதில். அன்றைக்கு முன்பாதி வரவில்லை. அவள் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை. நண்டைக் கூடைக்குள் வைத்து, ஆயாவிடம் நாலு மல்லாட்டை வாங்கி உரித்துத் தின்றாள். மல்லாட்டை என்றால் என்னவென்று நீங்கள் மே மாதம் மூன்று தடவை கேட்டீர்கள். நிலக்கடலைதான் மாமா. உங்கள் அக்கா வாயில் இப்போது கடலை என்ற சொல்லே வருவதில்லை.

மதுரைக்கு வருவதைப் பற்றி அவளிடமே கேட்டேன். அந்த நண்டுக்கு மிளகு அரைத்துக்கொண்டிருந்தாள். அம்மியை நிறுத்தாமல், "அவனை வரச் சொல்லு, தைப்பூசத்துக்கு" என்றாள். அதனால் இது உங்களுக்கு அழைப்பும்கூட. விருத்தாசலத்தில் இறங்கி பஸ் மாறினால் நெய்வேலி, வடலூர் வழியாக வரும். வடலூரில் இறங்கி ஜோதி பார்த்துவிடுங்கள். 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அணையாமல் எரிகிற தருமசாலையில் சாப்பிட்டும்விடுங்கள். ஆனால் அங்கே சாப்பிட்ட அன்றைக்கு வீட்டில் மீன் கிடையாது, அது அம்மா போட்ட சட்டம். மறுநாள் விடியலில் துறைமுகம். தைமாதம், தடை கிடையாது, ஐஸ் கிடையாது.

ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னாள். அயிரையை உயிரோடு, தண்ணீர் விட்ட தூக்குவாளியில் பஸ்ஸில் கொண்டுவர முடியுமா?

மூடி இறுக்கமாக இருக்கட்டும் மாமா.

உங்கள் பாப்பா,
கடலூர்