மண்மேட்டை அவசரப்பட்டு அள்ளாதீர்கள்

துறைமுக அதிகாரசபையிலும் நகர அபிவிருத்தி அதிகாரசபையிலும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். நான் கொழும்பு கொட்டாஞ்சேனைக்காரன். இருபத்தாறு வருடம் மண் பரிசோதனைக்குத் துளை போடும் குழுவில் வேலை செய்தேன். கரையோரத்தில் களஞ்சியங்களும் மாடிகளும் எழும்புவது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவற்றுக்கு அடியில் கிடக்கும் மண்ணைக் கையால் தொட்டுப் பார்த்தவன் நான். கட்டுவதற்கு முன் அந்த மண்ணை இறுக்க மேலே குவிக்கும் மண்மேட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

துளைக்குள் கம்பியை இறக்கி, 63.5 கிலோ சம்மட்டியை 76 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழவிடுவோம். கம்பி 30 சென்ரிமீற்றர் இறங்க எத்தனை தடவை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவோம். இறுகிய மணலில் முப்பதைத் தாண்டும். பேரை வாவிப் பக்கம் ஒரு நாள் எண்ணுவதற்கே ஒன்றும் இருக்கவில்லை. சம்மட்டியை மேலே வைத்த பாரத்திலேயே கம்பி தானாக இறங்கிப் போனது. மேலே வந்தது செடிகொடி அழுகி உண்டாகும் கறுத்த பீற் மண். அழுகிய இலையின் மணம், நாரும் வேரும் அப்படியே. பிழிந்தால் விரலிடுக்கால் தண்ணீர் ஓடியது.

இதற்கு வைத்தியம் உண்டு. மேலே மண்ணைக் குவித்துப் பாரம் ஏற்றினால் தண்ணீர் மெல்ல வெளியேறி அடிமண் இறுகும். தண்ணீர் போகும் தூரம் பாதியானால் காலம் நாலில் ஒன்றாகக் குறையும். தண்ணீர் மேலே ஏறிவர வழிவிடும் வடிகால் பட்டிகளை நெருக்கமாக மண்ணுக்குள் செங்குத்தாக இறக்குவது அதற்குத்தான். மணல் என்றால் அதிரவைத்து இறுக்கலாம். 1995 கோபே நிலநடுக்கத்தில் துறைமுகச் சுவர்கள் சில இடங்களில் ஐந்து மீற்றர் வரை கடல் பக்கம் தள்ளுண்டன. அங்கே கடலை நிரப்பி உண்டாக்கிய ‘துறைமுகத் தீவு’ என்ற இடத்தில் முன்பே இறுக்கி வைத்திருந்த நிலம் மிகக் குறைவாகவே தாழ்ந்தது.

வைத்தியத்தைப் பாதியில் நிறுத்துவதுதான் என் கவலை. நான் வேலை செய்த ஓர் இடத்தில் ஆறு மாதம் கிடக்க வேண்டிய மண்மேட்டை மூன்றாம் மாதமே அள்ளிவிட்டார்கள். தாழ்வு அளக்கும் தட்டு வாரத்துக்கு வாரம் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. கணக்கைப் புத்தகத்தில் எழுதியவனே நான். இரண்டு வருடத்தில், அங்கே கட்டிய களஞ்சியத்தின் தளத்தில் கை நுழையும் வெடிப்பு. பைலிங் அடித்தால், அதாவது ஆழத்துக்குத் தூண் இறக்கினால் சரிதானே என்பார்கள். அப்போதும் சுற்றி இருக்கும் மண் தாழும்போது தூணையும் சேர்த்துக் கீழே இழுக்கும். இதெல்லாம் ஒரு களஞ்சியத்தோடு முடிகிற விஷயம் இல்லை. கொள்கலன் இறக்கும் பாரந்தூக்கி ஒன்றே ஆயிரம் தொன்னைத் தாண்டும். அதன் ஒரு தண்டவாளம் மட்டும் தாழ்ந்தால் அது நகராது.

ஆகவே கேட்பது இரண்டு. மண்மேட்டை அள்ளும் நாளை ஒப்பந்தத் திகதி தீர்மானிக்கக் கூடாது, தட்டின் கணக்குத் தீர்மானிக்கட்டும். அந்தக் கணக்கையும் துளைப் பதிவுகளையும் வேலைத்தளத்தின் வாசலில், தமிழிலும் சிங்களத்திலும், மாதாமாதம் ஒட்டுங்கள். அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அதை வாசித்து விளங்கப்படுத்த ஆள் வேண்டுமென்றால், நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துளைக்குழு மேற்பார்வையாளன்,
கொட்டாஞ்சேனை