பொறுமை சொன்னவர்களுக்கும் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும்

சபையாருக்கும் ஊர்க்காரர்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும் ஸ்தோத்திரம்.

தம்பியை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். நேற்று ராத்திரி ரசஞ்சோற்றைத் தன் கையாலேயே பிசைந்து சாப்பிட்டான். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். மறுபடியும் எழுத எனக்குத் தெம்பு இல்லை. டாக்டர்கள் சொன்னதை மட்டும் சொல்லிவிடுகிறேன்: மாத்திரை தொடரணும், வேலூருக்கு அவ்வப்போது போய்க் காட்டிவிட்டு வரணும், இனி பயப்பட ஒன்றும் இல்லை.

நன்றி சொல்ல உட்கார்ந்தால் யாரையாவது விட்டுவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் கொடுத்த வாலிபர் ஐக்கியப் பையன்கள், நடுச்சாமத்தில் கூப்பிட்டதும் வண்டியை எடுத்த அண்ணன், ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒரே பூசணிக்காயைத் திரும்பத் திரும்ப ஏலம் விட்டு அந்தப் பணத்தை அனுப்பிய கமிட்டியார், உபவாசம் இருந்த பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார், தினமும் போன் பண்ணிய போதகர் ஐயா, கோயில் கொடை வேலைக்கு நடுவிலும் எங்கள் ஆடுகளுக்குக் குழை ஒடித்துப் போட்ட எதிர்வீட்டு மதினி, எல்லோரையும் கர்த்தர் ஆசீர்வதிப்பார். உங்கள் பணத்துக்கு எங்கள் வீட்டுக்காரர் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். திருப்பிக் கேட்காதவர்களுக்கும் திருப்பித் தருவோம்.

இன்னொருவருக்கும் நன்றி சொல்லணும். அவருக்குத் தமிழ் தெரியாது, இதைப் படிக்கப்போவதில்லை. ஆனாலும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய அந்த வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கு மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், பங்களாதேஷ் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். எதிரே காந்தி ரோட்டுப் பக்கம் போனால் லாட்ஜ் போர்டுகளில் வங்காள எழுத்தும் இந்தியும்தான். மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் ரூமிலேயே சமைத்துக்கொள்வதால் அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். எங்கள் பக்கத்து ரூமில் ஒரு வங்காளத்து அம்மா, வீட்டுக்காரர் வைத்தியத்துக்காக வந்து ரொம்ப நாளாயிற்று. கையில் வெள்ளைச் சங்கு வளையலும் சிவப்பு வளையலும் போட்டிருப்பார். எல்லோரும் தீதி, அதாவது அக்கா என்று கூப்பிட, நானும் அப்படியே கூப்பிட்டேன். கடுகெண்ணெயில் மீன் பொரிக்கிற வாடை ரூம் முழுக்க அடிக்கும். அதற்குமேல் எங்களுக்குள் பேச்சில்லை. அவருக்கு வங்காளம், எனக்குத் தமிழ்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் டாக்டர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஜெபம் பண்ணுங்கள் என்றார்கள். துணைக்கு ஒருவரைத்தான் விடுவார்கள் என்பதால் எங்கள் வீட்டுக்காரர் அங்கே இருந்தார். நான் லாட்ஜ் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. தீதி கீழே குழாயடியில் மீன் அலசிக்கொண்டிருந்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். கையைக் கழுவிவிட்டு உள்ளே போனவர், சீப்பும் தேங்காய் எண்ணெய் பாட்டிலுமாக வந்து எனக்கு மேல்படியில் உட்கார்ந்து என் கொண்டையை அவிழ்த்தார்.

தலை சீவி எத்தனை நாளோ. சடை பிடித்துக் கிடந்தது. எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்தார். அப்புறம் வலிக்காமல் இருக்க முடியின் மேல்பாகத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து சிக்கெடுக்க ஆரம்பித்தார். சின்னப் பிள்ளையில் எங்கம்மா அப்படித்தான் சீவிவிடுவாள். கையில் மீன் வாடை போகவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை, அழாதே என்று சைகைகூடக் காட்டவில்லை. நான் பாட்டுக்கு அழுதேன், அவர் பாட்டுக்குச் சிக்கெடுத்தார். பின்னி முடித்து, தன் மணிக்கட்டில் கிடந்த ரப்பர் பேண்டைப் போட்டுவிட்டார். அப்புறம் ஒரு தட்டில் சோறும் பருப்பும் கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டேன். ஊரிலிருந்து போனதற்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

அன்றைக்கு எனக்கு வந்த வசனங்களில் பாதி ரோமர் 5. உபத்திரவம் பொறுமையை உண்டாக்கும். மீதிப்பேர் யோபைப்போலப் பொறுமையாக இருக்கச் சொன்னார்கள். குறை சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள், தூரத்தில் இருப்பவர்கள் வேறென்ன செய்ய முடியும்? ஆனால் அத்தனை பேர் சொன்னார்களே என்று லாட்ஜில் உட்கார்ந்து யோபு புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். பிரசங்கத்தில் நாம் அதிகம் கேட்பது முதல் இரண்டு அதிகாரம். கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார். மூன்றாவது அதிகாரத்தில் அந்த மனிதன் தான் பிறந்த நாளையே சபிக்கிறான். அப்புறம் புத்தகம் முடியப்போகிற வரைக்கும் தேவனோடு வழக்குத்தான். அவனைத்தான் புதிய ஏற்பாட்டில் யாக்கோபு பொறுமைக்கு உதாரணமாகக் காட்டுகிறார். கடைசியில் கர்த்தரும், என்னைக் குறித்துச் சரியாகப் பேசினவன் யோபுதான் என்று, அவனைத் தேற்ற வந்த சிநேகிதர்களைக் கடிந்துகொள்கிறார். அந்தச் சிநேகிதர்களும் வந்த புதிதில் நன்றாகத்தான் இருந்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் எலிப்பாஸ் வாயைத் திறந்தபிறகுதான் கோளாறு.

நானும் ராத்திரி மொட்டைமாடியில் நின்று ஆண்டவரோடு சண்டை போட்டிருக்கிறேன். அதை அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெரிய வெள்ளிக்கிழமைதோறும் சிலுவையின் நாலாம் வார்த்தையை எழுந்து நின்று கேட்கிறோமே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று அவரே கேட்டதை. பதில் வராவிட்டாலும் பேச்சை நிறுத்தாமல் இருப்பதுதான் பொறுமை என்று இப்போது எனக்குப் படுகிறது. அதற்கும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. தீதி அதன்பிறகு தினமும் சாயங்காலம் சீப்போடு வந்துவிடுவார். நல்ல சேதி வந்த அன்றைக்கும் வந்தார். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, என் கன்னத்தைப் பிடித்து ஆட்டிவிட்டு, சடையை வழக்கத்தைவிட இறுக்கிப் பின்னினார்.

இனி ஒரு வீட்டில் துக்கம், வியாதி என்றால் நான் போவேன். வசனம் தானாக வந்தால் வரட்டும், முதலில் அங்கே கிடக்கிற பாத்திரத்தைத் தேய்ப்பேன். இப்படி ஒரு பொருத்தனை பண்ணியிருக்கிறேன், ஞாபகப்படுத்துங்கள்.

தீதியின் வீட்டுக்காரர் இன்னும் அங்கேதான் இருக்கிறார், இந்த வாரமும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விண்ணப்ப ஜெபத்தில் அவரையும் சேர்த்துக்கொள்ள ஐயாவிடம் கேட்டிருக்கிறேன். பேர் தெரியாமல் எப்படி என்றார். தீதியின் புருஷன் என்று சொன்னால் ஆண்டவருக்குத் தெரியும் என்றேன்.

அப்புறம் ஒரு விஷயம். நாங்கள் வந்ததிலிருந்து கஞ்சியும் குழம்புமாகக் கொண்டுவந்து வைத்த தூக்குச்சட்டிகள் அடுப்படியில் வரிசையாக நிற்கின்றன. யாருடையது எது என்று தெரியவில்லை. எல்லாம் கழுவித்தான் இருக்கிறது, வந்து பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். தம்பி கொஞ்ச நேரம் பேசுவான், ஆனால் சீக்கிரம் களைத்துப்போகிறான்.