'மதம்' என்ற சொல்லை அடிக்காதீர்கள்

மாவட்ட நூலக ஆணைக்குழுவினருக்கு வணக்கம்.

மாதக் கடைசி ஞாயிறுகளில் நூலக மாடியில் நடத்த, எங்கள் வாசகர் வட்டம் நான்கு தத்துவ உரைகளுக்கு எழுதிக் கொடுத்திருந்தது. தலைப்பு: 'சுதந்திரம், மதம், வன்முறை'. நோட்டீஸ் புரூஃப் திரும்பி வந்தபோது நடுச்சொல்லைச் சிவப்பு மையில் அடித்து, மேலே 'நல்லிணக்கம்' என்று எழுதியிருந்தது. சுதந்திரம், நல்லிணக்கம், வன்முறை! இதில் என்ன பேசுவது என்று பேச வருகிறவருக்கே விளங்கவில்லை. கேட்டால், "எதுக்கு சார் வம்பு?"

முதல் உரையே அந்த வம்பைப் பற்றியதுதான். 1859-இல் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் ஓர் உதாரணம் சொன்னார். தானிய வியாபாரிகள் ஏழைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று பத்திரிகையில் எழுதினால் தடுக்கக் கூடாது. அதையே வியாபாரியின் வீட்டு வாசலில் கொதித்து நிற்கும் கூட்டத்திடம் சொன்னால் தண்டிக்கலாம். சொல் ஒன்றுதான், சொன்ன இடம் வேறு. சரி, வாட்ஸ்அப் குரூப்பில் நள்ளிரவில் வரும் ஃபார்வர்டு பத்திரிகையா, வீட்டு வாசலா? இதற்கே ஒரு மாலை போதாது.

அடுத்தது இன்னொரு ஆங்கிலேயத் தத்துவ அறிஞர், ஜான் லாக். நம்பிக்கையைக் கட்டாயப்படுத்தி ஊட்ட முடியாது என்று 1689-இல் வாதாடியவர், நாத்திகருக்குக் கதவைச் சாத்திவிட்டார். கடவுளை நம்பாதவன் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற மாட்டானாம். பெரியார் மேடைகளைக் கேட்டு வளர்ந்த ஊர்களில் இதைச் சொன்னால் கேள்வி பறக்கும். பறக்கட்டும்.

இதெல்லாம் இறக்குமதிச் சரக்கு என்றும் ஒருவர் முணுமுணுத்தாராம். மணிமேகலையில் இந்திர விழாவுக்கு யானைப் பிடரியில் முரசை ஏற்றி அறைகிறவன், சமயவாதிகளைப் பட்டிமண்டபம் ஏறச் சொல்கிறான். பகைவரிடம்கூடச் சினமும் பூசலும் இல்லாமல் விலகிப் போங்கள் என்று அதே மூச்சில் சொல்கிறான். அவன் 'சமயம்' என்ற சொல்லை அடிக்கவில்லை. (அதற்காக இன்றைய பட்டிமன்றமாக்கி, இரண்டு அணியும் மாமியார் ஜோக்கும் வைத்துவிடாதீர்கள்.)

வம்பு வேண்டாம் என்றுதான் 2015-இல், 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிர்ப்பு கிளம்பியபோது, அதை எழுதிய பெருமாள்முருகனை அதிகாரிகள் அமைதிப் பேச்சுக்கு அழைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று அடுத்த ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூன்றாவது உரை அந்தத் தீர்ப்பைப் பற்றி. சிவப்பு மையை எடுப்பதற்கு முன் அதை ஒருமுறை படித்திருக்கலாம்.

பழைய தலைப்போடு அனுமதி கொடுங்கள். உரை ஒரு மணி நேரம், கேள்விக்கு இன்னொரு மணி நேரம். கேள்விகளை முன்கூட்டி எழுதி வாங்கும் யோசனை வேண்டவே வேண்டாம். மைக் வாடகையை நாங்களே கொடுத்துவிடுகிறோம். அப்புறம், மாடிச் சாவி காவலரிடம் இருக்கிறது. ஞாயிறு அவருக்கு விடுமுறை, சனிக்கிழமையே வாங்கி வைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் வட்ட உறுப்பினர் ஒருவர்