காவிரிக் கரை நாதசுர, தவில் வித்வான்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் நாயனமும் (நாதசுரம்) தவிலும் வாசிக்கும் பெரியவர்களுக்கும், இசைப்பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் கும்பகோணம் பக்கத்துக்காரன். குறும்படங்களுக்கும் பள்ளிக்கூட நாடகங்களுக்கும் பின்னணி இசை அமைத்துக் கொடுக்கிறேன். உங்கள் ஒவ்வொருவரின் நேரத்திலும் ஒரு நாளைக் கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். எதற்கு என்று சொல்லிவிடுகிறேன்.

கம்ப்யூட்டரில் இசை அமைக்கிறவன் முன்னால் வயலின்காரர் உட்கார்ந்திருப்பதில்லை. எப்போதோ ஒருவர் வாசித்த ஒவ்வொரு சுரமும் தனித்தனி ஃபைலாக இருக்கும். கீபோர்டில் கட்டையை அழுத்தினால் அந்தச் சுரம் ஒலிக்கும். மெல்ல அழுத்தினால் மெல்ல வாசித்தது வரும், ஓங்கி அழுத்தினால் ஓங்கி வாசித்தது வரும். இப்படிச் சேர்த்து வைத்ததைத்தான் சாம்பிள் லைப்ரரி என்கிறார்கள். விலை கொடுத்து வாங்க என்னைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகாது. நாங்கள் பிழைப்பதே இலவசத் தொகுப்புகளால்தான். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகம் எதிரொலி இல்லாத அறையில் வாத்தியங்களைச் சுரம் சுரமாகப் பதிந்து, 1997 முதல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறது. சொனாட்டினா சிம்பொனிக் ஆர்க்கெஸ்ட்ரா என்று ஒன்று உண்டு. தனியாள் ஒருவர் பல இடங்களிலிருந்து திரட்டிக் கட்டியது. வெர்சிலியன் ஸ்டூடியோஸ் தன் தொகுப்பு ஒன்றை எந்த உரிமையும் வைத்துக்கொள்ளாமல் பொதுவில் விட்டுவிட்டது. ஓபோ, பசூன், செல்லோ என்று நான் நேரில் பார்த்தேயிராத வாத்தியமெல்லாம் என் பழைய லேப்டாப்பில் இருக்கிறது. பிறந்ததிலிருந்து எங்கள் தெருவில் கேட்கும் நாயனம் அதில் இல்லை.

கீபோர்டுகளுக்கெல்லாம் பொதுவாக இருக்கட்டும் என்று 1991-ல் 128 ஒலிகளைப் பட்டியல் போட்டார்கள். ஜெனரல் மிடி என்று பெயர். அதில் 105 சிதார், 112 ஷெனாய். நாதசுரத்துக்கும் வீணைக்கும் இடமில்லை. திருவிழா மேடையில் கீபோர்டு வாசிக்கும் தம்பி, நாதசுரம் வேண்டுமென்றால் அந்த 112-ஐப் போட்டு, சுருதியை வளைக்கும் பக்கத்துச் சக்கரத்தை ஆட்டி ஆட்டிச் சமாளிக்கிறான். நாதசுரமும் தவிலும் சேர்ந்த பெரிய மேளம் வளர்ந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்கு இந்த நிலைமை வந்திருக்க வேண்டாம்.

சரி, நாமே பதிந்துவிடலாம் என்று போன வருடம் ஒரு முயற்சி செய்தேன். எங்கள் தெருவில் ஒரு நாதசுர வித்வான் இருக்கிறார். மாமா என்றுதான் கூப்பிடுவேன். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் அவர் வீட்டுப் பின்கட்டில் இரண்டு மெத்தையைச் சுவரோரம் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மைக்கை வைத்தோம். வயலில் தண்ணீர் நின்ற சமயம். தவளைகள் அடங்கட்டும் என்று அரை மணி நேரம் காத்திருந்தோம். மாமா நாயனத்தில் தொங்கிய கொத்திலிருந்து ஊதும் முனையில் செருகுகிற ஒரு நாணல் சீவாளியை எடுத்து, ஊறும்வரை வாயில் வைத்திருந்தார். "என்னப்பா வாசிக்கணும்?" என்றார். "சட்ஜம் மட்டும் மாமா. பன்னிரண்டு விநாடி, அசையாம" என்றேன். வாசித்தார். அடுத்தது ரிஷபம், காந்தாரம். பஞ்சமம் முடிந்ததும் நாயனத்தை மடியில் கிடத்திவிட்டு, "அசையாம நின்னா அது சுரமாடா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது எவ்வளவு சரி என்று மறுநாள் ஒலியை வெட்டித் திருத்தும் ஆடாசிட்டி மென்பொருளில் திறந்து பார்த்தபோது தெரிந்தது. ஆர்கனோ புல்லாங்குழலோ என்றால் சுரத்தின் நடுவில் ஒரு துண்டை எடுத்து, முனையோடு முனை சேர்த்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஒலிக்க வைக்கலாம். நாயனத்தில் அது நடக்கவில்லை. மூச்சும் உதடும் சீவாளியும் விநாடிக்கு விநாடி எதையோ மாற்றிக்கொண்டே இருக்கின்றன. துண்டைச் சேர்த்தால் சங்கு ஊதுகிற ஆலை மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் நாயனத்துக்குச் சுரம் மட்டும் போதாது. கல்யாணியின் காந்தாரம் தனி, தோடியின் காந்தாரம் தனி. அசைவோடு சேர்த்து, ஏற்ற இறக்கத்தோடு, ராகம் ராகமாகப் பதிய வேண்டும். குட்டையான, சுருதி கூடிய திமிரி நாயனம் வேறு, நீளமான, சுருதி குறைந்த பாரி நாயனம் வேறு. இந்த வேலைக்கு ஒரு மாமாவின் ஒரு ராத்திரி பத்தாது.

தவிலுக்கு வேறு மாதிரி கஷ்டம். வலப்பக்கமான வலந்தலையில், விரல்களில் கெட்டியான விரற்கூடு போட்டு அடிக்கிற ஒரே அடியைப் பத்து முறை அடித்தால் பத்தும் பத்து விதம். காது அதைத்தான் மனுஷன் அடிக்கிறான் என்று அடையாளம் காண்கிறது. கம்ப்யூட்டரில் ஒரே ஃபைலைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் தையல் மெஷின் சத்தம்தான் வரும். ஆகவே ஒரு சொல்லுக்கு, அதாவது ஒரு வகை அடிக்கு, எட்டுத் தடவை, மெல்ல, நடுவாந்திரம், ஓங்கி என்று மூன்று அளவில் கேட்பேன். வலந்தலைக்கும், இடப்பக்கமான தொப்பிக்கும் தனித்தனியாக. பொறுமையாக வாசித்துக் கொடுக்க வேண்டும்.

கருவிகளுக்குக் காசு தேவையில்லை. பதிவுக்கு ஆர்டோர், வெட்ட ஆடாசிட்டி, எந்த ஃபைல் எந்தக் கட்டைக்கு என்று எழுத எஸ்எஃப்இசட் என்கிற சாதாரண எழுத்துக் கோப்பு, ஒலிக்க வைக்க எஸ்ஃபிஸ். எல்லாமே பொதுவில் இருக்கும் மென்பொருள்கள். பள்ளிப் பிள்ளைகூடக் கற்றுக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் மனதில் இருப்பதற்கு வருகிறேன். மாமா முதலில் முடியாது என்றுதான் சொன்னார். பல வருடங்களுக்கு முன் ஒரு ஸ்டூடியோவில் அவரை உட்கார வைத்து ஒரு பகல் முழுக்க வாசிக்கச் சொல்லி, ஐந்நூறு ரூபாய் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கேசட்டில் அவர் பெயர் இல்லை. அப்புறம், கோயில் மண்டபங்களில் மோட்டார் ஓட்டும் மேளமும் மணியும் வந்து, சுவிட்ச் போட்டால் தீபாராதனைக்கு அடிக்கிறது. இன்னொரு மெஷினுக்கு நாங்களே மூச்சைக் கொடுக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

அதனால் நான் முன்வைக்கும் ஏற்பாடு இது. முழு உருப்படி எதையும் பதியமாட்டோம். சுவாமி புறப்பாட்டு மல்லாரி வேண்டாம், கல்யாண ஊஞ்சல், லாலி வேண்டாம், கெட்டிமேளம் கண்டிப்பாக வேண்டாம். தனிச் சுரம், ராகத்தைக் காட்டும் குறுகிய பிடி, தனி அடி, அவ்வளவுதான். இதை வைத்துப் பின்னணி இசை எழுதலாம். தாலி கட்டும் நேரத்தில் பட்டனை அழுத்தி உங்கள் இடத்தில் வைக்க முடியாது. பெயர் குறிப்பிட்டே ஆகவேண்டும் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்பது என் எண்ணம். எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கும் சிசி ஜீரோ நமக்கு வேண்டாம். வாசித்தவர் பெயர், ஊர், குரு, நாயனம் செய்த ஆசாரி பெயர், எல்லாம் தொகுப்போடு போகும். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்ப வாங்க முடியாது. வீட்டில் பேசிவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள். எடுத்துக்கொள்கிறவர்களுக்குத்தான் இலவசம். உங்களுக்கு ஒரு முகூர்த்தத்துக்கு என்ன சம்பளமோ அது அன்றே கைக்கு வரும். அதைத் திரட்டுவது என் பொறுப்பு.

நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தில் கடைந்த அந்த வாத்தியத்தில், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் ரங்கநாதன் ஆசாரியும் கலந்து பேசி உருவாக்கியதுதான் இன்று நீங்கள் கையில் வைத்திருக்கும் பாரி. வாசிக்கிறவரும் செய்கிறவரும் ஒன்றாக உட்கார்ந்ததால் வந்தது. இந்தத் தொகுப்பையும் அப்படித்தான் செய்ய ஆசைப்படுகிறேன். எந்தப் பிடி வேண்டும், எது சரியில்லை, எதை அழிக்க வேண்டும் என்று நீங்கள்தான் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும். உங்களுக்குத் திருப்தியில்லாத ஒரு சுரமும் வெளியே போகாது.

முகூர்த்தமில்லாத நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள். மைக்கோடு நானே உங்கள் ஊருக்கு வந்துவிடுகிறேன். உங்கள் சீவாளி, உங்கள் கூடு, உங்கள் நாயனம், அதுதான் வேண்டும். இன்னொன்று. சுருதிப் பெட்டி வந்த பிறகு, சுருதிக்காக ஒரே சுரத்தை விடாமல் ஒலிக்கும் குழலான ஒத்து ஊதுகிறவர்களைக் காண்பதே அரிதாகிவிட்டது. உங்களில் யாருக்காவது இன்னமும் ஒத்து ஊதத் தெரிந்த ஒரு பெரியவரைத் தெரிந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அவர் வீட்டுக்கு என்னைக் கூட்டிப் போங்கள்.